முதல் பீருக்கு டின் கிட் போதுமா, தானியத்திலிருந்தே தொடங்க வேண்டுமா?

செந்தில் (ஈஸ்ட்ஹாம், லண்டன்):
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்க விரும்புகிறேன். சிறிய அடுக்குமாடி வீடு, பத்து லிட்டர் பாத்திரம் ஒன்று, வார இறுதி நேரம் ஆகியவைதான் என்னிடம் உள்ளன. கடையில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) சேர்த்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை) சாற்றை டின்னில் அடைத்த கிட் கிடைக்கிறது. மால்ட் தானியமாகவும் கிடைக்கிறது. புதியவன் எதில் தொடங்குவது நல்லது?

குமரன் (லெஸ்டர்):
செந்தில் அவர்களே, தயங்காமல் டின் கிட்டில் தொடங்குங்கள். பீர் தயாரிப்பில் இரண்டு பெரிய வேலைகள் உண்டு. மால்ட்டிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி இனிப்புச் சாறு எடுப்பது ஒன்று; அந்தச் சாற்றை ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்க வைப்பது மற்றொன்று. முதல் வேலையைத் தொழிற்சாலையே முடித்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி டின்னில் அடைத்துத் தந்துவிடுகிறது. புதியவரின் பீர் பெரும்பாலும் கெடுவது இரண்டாவது வேலையில்தான் என்பதால், உங்கள் கவனம் முழுவதையும் அங்கேயே செலுத்தலாம். ஏறத்தாழ 1.7 கிலோ டின், ஒரு கிலோ சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் ஆகியவற்றைச் சேர்த்தால் 23 லிட்டர் பீர் கிடைக்கும். வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

யாழினி (கிளாஸ்கோ):
குமரன் அண்ணா வேலையைப் பிரித்துக் காட்டிய விதம் சரி; அதிலிருந்து அவர் வந்த முடிவை நான் ஏற்கவில்லை. டின்னுக்குள் இருக்கும் சாறு எப்போது தயாரானது, எந்த வெப்பத்தில் கிடங்கில் கிடந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. நாள்பட்ட சாறு நிறம் கறுத்து, பழைய சுவையைப் பீரில் கொண்டுவந்துவிடும். அதனுடன் ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரையையும் கொட்டினால், ஈஸ்ட் அதை மிச்சமின்றித் தின்றுவிட்டு, ஆல்கஹால் மட்டும் ஏறிய, வாயில் நிற்காத நீர்த்த பீரைத் தரும். முதல் முயற்சியே சுமாராக அமைந்து, அதை நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்களில் வைத்துக்கொண்டிருப்பவர் இரண்டாவது முறை முயல மாட்டார்.

உங்கள் பாத்திரத்தில் தானியத்திலிருந்தே 4.5 லிட்டர் தயாரிக்கலாம். ஏழு லிட்டர் தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் மெல்லிய வலைப்பையை விரித்து, நொறுக்கிய மாரிஸ் ஆட்டர் மால்ட் ஒரு கிலோவைப் போடுங்கள். 1960களில் கேம்பிரிட்ஜில் உருவான இந்த வாற்கோதுமை ரகத்தை ஆங்கிலேய ஏல் வகை பீர் செய்பவர்கள் இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். தானியம் விழுந்ததும் சூடு 66 டிகிரி அளவில் வந்து நிற்கும். பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் மாவாகக் கலங்கியிருக்கும் நீர் மெல்லத் தெளிந்து, நாவில் வைத்தால் தித்திக்கும். மால்ட்டின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை உங்கள் கண் முன்னேயே நடக்கும். பிறகு பையை எடுத்து வடியவிட்டு, பத்து கிராம் ஃபகிள் ரக ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கிவிடும்.

குமரன் (லெஸ்டர்):
யாழினி, நீங்கள் சொன்னவற்றில் சர்க்கரை பற்றிய குறை உண்மை. ஆனால் அதற்கு மாற்று எளிது. ஒரு கிலோ சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ உலர்ந்த மால்ட் சாற்றுத் தூளைச் சேர்த்தால் பீர் நீர்த்துப்போகாது. டின் மூடியில் அச்சிட்ட தேதியைப் பார்த்து வாங்கினால் பழைய சுவையையும் தவிர்க்கலாம்.

நீங்கள் சொல்லாமல் விட்டது தண்ணீர். கிளாஸ்கோவுக்கு லோக் கத்ரீன் ஏரியிலிருந்து மிக மென்மையான நீர் வருகிறது. செந்தில் இருக்கும் கிழக்கு லண்டனில் குழாய் நீர் கடினமானது. அதிலுள்ள கார்பனேட் தானியக் கலவையின் அமிலத்தன்மையைக் கெடுத்து, வெளிர்நிற பீரில் துவர்ப்பை ஏற்றிவிடும். டின் சாற்றைக் கரைப்பவருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. இதற்கு மேல் கிருமிநாசினியாகச் சேர்க்கும் குளோரினோ குளோரமினோ மால்ட்டிலுள்ள பீனால் என்னும் சேர்மங்களோடு சேர்ந்தால், பீர் டிஞ்சர் மருந்துபோல் நாறும். எனவே எந்த வழியில் சென்றாலும் 23 லிட்டருக்கு அரை கேம்டன் மாத்திரையை (குளோரினை நீக்கும் சல்பைட் மாத்திரை) பொடித்துப் போடுங்கள். சில நிமிடங்களில் அந்தத் தொல்லை தீரும்.

அந்தோனி (பர்மிங்காம்):
குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த முயற்சியே வேண்டாம் என்று தோன்றுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தோம். வீட்டில் தயாரித்துக் குடிக்கும் பானத்தில் மெத்தனால் என்னும் நச்சு ஆல்கஹால் இருக்காது என்று யார் உறுதி தருவது?

யாழினி (கிளாஸ்கோ):
அந்தோனி அண்ணா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அது பீருக்குப் பொருந்தாது. கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். மால்ட் சாறு நொதிக்கும்போது உருவாகும் மெத்தனால் தீங்கு செய்ய முடியாத அளவுக்குச் சொற்பமானது. பீரை யாரும் காய்ச்சி வடித்துச் செறிவாக்குவதும் இல்லை. பிரிட்டனில் 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. சாராயம் வடிப்பதற்கு இங்கேயும் உரிமம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் அங்குள்ள மதுவிலக்குச் சட்டம் இதை அனுமதிக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

குமரன் அண்ணா, லண்டன் நீரைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அதே நீரில்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் லண்டன் போர்ட்டர் என்னும் கருநிற பீருக்குப் பெயர்பெற்றது. கருக வறுத்த மால்ட்டின் இயல்பான அமிலம் அந்தக் கார்பனேட்டை ஈடுகட்டிவிடும். செந்தில் 900 கிராம் மாரிஸ் ஆட்டருடன் 100 கிராம் வறுத்த கருநிற மால்ட்டைச் சேர்த்தால் போதும்.

குமரன் (லெஸ்டர்):
போர்ட்டர் நல்ல தேர்வு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நான் அஞ்சுவது, புதியவர் ஐந்து மணி நேரம் நின்று தானியத்தைக் கவனித்துக் களைத்துப்போய், ஈஸ்ட் போடும் வேளையில் அவசரப்படுவார் என்பதற்கே. கொதித்த சாறு 20 டிகிரிக்கு ஆறும் முன் ஈஸ்ட்டைப் போடுவது, கொதிக்கும் பாலில் உறைமோர் விடுவதற்குச் சமம். நொதித்தல் தொடங்கிய பின்னும் ஓயக் கூடாது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டை உண்டாக்குவதால், அறையைவிட வாளிக்குள் சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வரை உகந்தது. 26 டிகிரியைத் தாண்டிய பீரில் தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்கள் சேர்ந்துவிடும். பிறகு எத்தனை மாதம் வைத்திருந்தாலும் அது முழுதாகப் போகாது. வெப்பத்தைப் பிடிக்கக் கற்காதவருக்கு உயர்ந்த மால்ட் எதற்கு? முதலில் டின்னை வைத்து இதைப் பழகட்டும்.

யாழினி (கிளாஸ்கோ):
வெப்பம் குறித்து நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. 4.5 லிட்டர் ஜாடியில் அதைப் பழகுவது இன்னும் எளிது என்பதே என் வாதம். கொதித்த பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட சிங்க்கில் வைத்து ஆற்றிவிடலாம். 23 லிட்டரை அப்படி ஆற்ற முடியாது. ஜாடியைத் தண்ணீர் நிரம்பிய வாளியில் நிறுத்தி ஈரத்துணி சுற்றினால் கோடையிலும் சூடு கட்டுக்குள் நிற்கும். தானியத்தின் சூடு 63 டிகிரிக்கு இறங்கினாலும் 69க்கு ஏறினாலும் பீர் கெடாது. ஒன்று சற்று வறண்டதாகவும் மற்றொன்று சற்றுக் கனமாகவும் அமையும்.

செந்தில் (ஈஸ்ட்ஹாம், லண்டன்):
இருவருக்கும் நன்றி. போர்ட்டரைத் தானியத்திலிருந்தே 4.5 லிட்டர் தயாரிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால், பாட்டில் வெடிக்கும் என்று கேள்விப்பட்டது மட்டும் கலக்கமாக இருக்கிறது.

குமரன் (லெஸ்டர்):
உங்கள் முடிவு எனக்கு உவப்பில்லை என்றாலும், இதற்கான பதில் எந்த வழிக்கும் ஒன்றுதான். நொதித்து முடியாத பீரை அடைப்பதாலும் அளவுக்கு மீறிச் சர்க்கரை சேர்ப்பதாலும்தான் பாட்டில் வெடிக்கிறது. குமிழி நின்றுவிட்டது என்பதை நம்பாமல் சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். தொடக்கத்தில் 1.046 காட்டிய சாறு 1.011 அளவுக்கு இறங்கி, மூன்று நாள் அதே எண்ணில் நின்றால் நொதித்தல் முடிந்தது; ஆல்கஹாலும் 4.6 சதவீதம் அளவில் இருக்கும். இரண்டு வாரம் கொடுப்பது பாதுகாப்பானது. பிறகு லிட்டருக்கு ஐந்து கிராம் சர்க்கரையைக் கொதித்த நீரில் கரைத்துச் சேர்த்து அடையுங்கள். கண்ணாடி வேண்டாம், சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்துங்கள். விரலால் அழுத்திப் பார்த்து, பாட்டில் கல்லாக இறுகியிருந்தால் மூடியைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றலாம்.

யாழினி (கிளாஸ்கோ):
இதை வரிக்கு வரி ஏற்கிறேன். பாட்டில்களை முதல் இரண்டு வாரம் அறை வெப்பத்தில், வெளிச்சம் படாத அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.