மறு: இன்ட்ரோஸ்பெக்ஷன் – 'அகநோக்கு' மட்டும் போதுமா?

அன்புடையீர்,

தன் மனத்தில் நிகழ்வதைத் தானே கவனித்தறிவதைக் குறிக்கும் 'இன்ட்ரோஸ்பெக்ஷன்' என்னும் உளவியல் கலைச்சொல்லுக்கு நம் கலைச்சொல் குழுவில் முன்மொழியப்பட்ட 'உள்நோக்கம்' பொருந்தாது. உள்நோக்கத்தோடு பேசினார், உள்நோக்கம் கற்பித்தார் என்றெல்லாம் நாள்தோறும் செய்தித்தாளில் படிப்பவர் அதை வேறாகவே கொள்வார். 'அகநோக்கு' பிழையற்ற சொல், வழக்கிலும் உள்ளது. ஆயினும் உளவியல் தனி அறிவியலாகப் பிரிந்த வரலாற்றை எழுத அது ஒன்று மட்டும் போதவில்லை.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்ட், மெய்யியலாளர் தனித்திருந்து தம் மனத்தைத் தாமே துருவிப் பார்க்கும் முறையை ஏற்கவில்லை. தன் சினத்தை ஆராய முனைபவனுக்கு அந்த முனைப்பாலேயே சினம் மாறிவிடும். மனத்தைக் கவனித்தால் அது குலையும் என்னும் இதே காரணத்தையும் சேர்த்தே, உளவியல் முறையான இயற்கை அறிவியலாகாது என்று ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1786இல் எழுதியிருந்தார். வுண்ட் ஏற்றது, ஆய்வுக்கூடக் கட்டுப்பாட்டுக்குள் எழும் உடனடி அறிதலை மட்டுமே. ஒலி எழுந்ததும் கேட்பவர் தந்திச் சாவியை இயக்குகிறார். இடைப்பட்ட நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை ஹிப் காலமானி காட்டுகிறது. இரண்டு ஒலிகளில் எது உரத்தது என்று கேட்டால், கேட்ட மாத்திரத்தில் விடை சொல்ல வேண்டும். ஐயமிருந்தால் அதே தூண்டலை மீண்டும் தரலாம். மெய்யியலாளரின் முறையை 'செல்ப்ஸ்ட்பெயோபாக்டுங்' (தன்னைத் தானே நோக்குதல்) என்றும் ஆய்வுக்கூடத்தில் எழும் உடனடி அறிதலை 'இன்னெர வார்நேமுங்' (உள்ளே உணர்ந்தறிதல்) என்றும் வுண்ட் ஜெர்மனில் பிரித்தே வழங்கினார். 1892இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவருடைய மாணவர் டிட்செனர் வழியாக ஆங்கிலத்தில் வேரூன்றிய 'இன்ட்ரோஸ்பெக்ஷன்' என்னும் ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டது. அதையே நாமும் பின்பற்றத் தேவையில்லை.

நோக்குதல் முயன்று செய்வது, காணுதல் தானே நிகழ்வது என்ற வேறுபாடு தமிழில் முன்பே உண்டு. எனவே மெய்யியலாளரின் முறைக்கு 'அகநோக்கு' என்பதையே வைத்துக்கொண்டு, வுண்ட் ஏற்ற உடனடி அறிதலுக்கு 'அகக்காட்சி' என்று வழங்கலாம்; புலன்வழி அறிதலுக்குப் பாடநூல்களில் உள்ள 'புலக்காட்சி'யோடும் அது இணையாக நிற்கும். அறிவைப் பெறும் வழிகளை ஆராயும் சைவ சித்தாந்த அளவையியலில் 'தன்வேதனைக் காட்சி' என்றொரு வகை உண்டு; இன்பதுன்பங்களைத் தானே உணர்வதைக் குறிப்பது. பொருளால் அது நெருங்கியதே என்றாலும், 'வேதனை' இன்று துன்பத்தை மட்டும் குறிப்பதால் தவிர்த்தேன். 'மனக்காட்சி'யோடு குழப்பம் வரும் என்பார்க்கு, அச்சொல்லை மனத்தில் எழும் படிமத்துக்கு ஒதுக்கிவிடலாம் என்பது என் விடை.

வுண்ட் பற்றிய கட்டுரைகளில் 'அகநோக்கு' மட்டுமே இருந்தால், அவர் மறுத்த முறையையே கையாண்டதாக மாணவர் படிக்க நேரிடும். குழுவினர் கருத்துரைக்க வேண்டுகிறேன்.