வெள்ளைத் துணியில் ஊசி குத்திய இரத்தக்கறை

கேள்வி: பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, பேரக்குழந்தைக்காகக் கையால் போர்வை தைத்து வருகிறேன். நேற்று ஊசி விரலில் ஏறியதில், வெள்ளை ஓரத்தில் மிளகளவு இரத்தம் பட்டுக் காய்ந்துவிட்டது. பக்கத்திலுள்ள சிவப்புத் துண்டின் சாயம் இறங்காமல் அந்தக் கறையை மட்டும் எப்படி எடுப்பது?

பதில்: வெந்நீரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், சூடு பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், கறை போகும்வரை இஸ்திரியும் போடக்கூடாது. அடியில் உலர்ந்த துணியை மடித்து வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஈரம் காயாத சிறு புள்ளியானால், தைப்பவர் தம் உமிழ்நீரில் நனைத்த வெள்ளை நூலால் ஒற்றுவது பழைய வழக்கம். அது நன்றாகவே பயன்படுகிறது.

பதில்: காய்ந்த கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். இரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதைச் சிதைப்பதால் பொங்கி நுரைக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அது நிறத்தையும் வெளுக்கச் செய்யக்கூடியது. ஆகவே சிவப்புத் துண்டில் படாதவாறு, பஞ்சுக் குச்சியால் புள்ளியை மட்டும் தொட்டு, நுரை அடங்கியதும் குளிர்ந்த நீரால் ஒற்றிவிடுங்கள்.

பதில்: போர்வையைவிட உங்கள் விரல் முக்கியம் அம்மா. குத்திய இடத்தைச் சோப்பு நீரில் கழுவி, பிளாஸ்திரி ஒட்டிய பிறகே தையலைத் தொடருங்கள். தையல் இயந்திரத்தின் ஊசி நகத்தைத் துளைத்து முனை உள்ளே முறிந்திருந்தால், வீட்டிலேயே தோண்டிப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.