மஞ்சளுக்குள் மஞ்சள் இல்லை

குடும்பக் குழு, சனிக்கிழமை

நான் (மாலை 6:42): சித்தி, ஒரு சந்தேகம். பாப்பா இன்று ஓவிய வகுப்பில் டேப்லெட்டில் வரைந்தாளாம். நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வரவில்லையாம், சாம்பல்தான் வந்ததாம். "நீ சொன்னது பொய்யா அம்மா?" என்று கேட்கிறாள்.

பெரியப்பா: டேப்லெட்தான் பொய் சொல்கிறது என்று சொல். ஓவிய வகுப்பில் திரை எதற்கு என்று நான் அன்றே கேட்டேன்.

சித்தி: பொய் எல்லாம் இல்லை அத்தான். அதற்கு நிறம் தெரியாது, எண்தான் தெரியும்.

அண்ணன்: ஆமாம். ஒவ்வொரு நிறத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண். நீலம் என்றால் அதற்கு 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. பல செயலிகள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும். மூன்று இடத்திலும் 127 சொச்சம் வரும். மூன்றும் சமமாக இருந்தால் அது சாம்பல்.

சித்தி: சாயம் அப்படி இல்லை. நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கும், மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும். இரண்டும் விழுங்காமல் விட்ட மிச்சம் பச்சை. அதைத்தான் நாம் பார்க்கிறோம். திரை எதையும் விழுங்குவதில்லை, அது ஒளியை உமிழ்கிறது. சாயம் போலவே குழையும் செயலிகளும் உண்டு, ஆனால் நான் வகுப்பில் வேண்டுமென்றே சாம்பல் வருவதைத்தான் முதலில் காட்டுவேன்.

பெரியம்மா: யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள். கண்ணாடியைக் காணோம்.

சித்தி: அக்கா, சாயம் வேறு, வெளிச்சம் வேறு. அவ்வளவுதான். பாப்பாவுக்கு ஒன்று காட்டு மா. போனில் மஞ்சள் நிறத்தைத் திரை முழுக்க வை. ஊசிமுனை அளவு தண்ணீர்த் துளி ஒன்றை மேலே வை. துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும்.

நான் (7:05): பார்த்துவிட்டாள். "சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் இருக்கு, மஞ்சளுக்குள்ளே மஞ்சளே இல்லை" என்று வீடு முழுக்க ஓடிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனைத் துடைத்துவிட்டேன்.

பெரியப்பா: சரி, அது அறிவியல் பாடம். ஓவியம் எங்கே? முப்பது வருஷம் டிராயிங் போர்டு முன்னால் நின்றவன் சொல்கிறேன், தப்பாகிவிடுமோ என்கிற பயம் இருந்தால்தான் கோடு உருப்படும். இந்தப் பிள்ளைகளுக்கு, போட்ட கோட்டை ஒரே தட்டில் அழிக்கும் அன்டூ இருக்கிறது. என்ன பயம் இருக்கும்?

சித்தி: அதில் பாதி உண்மை அத்தான். டேப்லெட் வந்த முதல் வருஷம் நானும் மயங்கி எல்லாவற்றையும் அதிலேயே செய்ய வைத்தேன். வருஷக் கடைசியில் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கை வரைந்தது போல இருந்தது. காரணம், கைநடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர். எல்லாருடைய கோடும் வழவழ என்று ஒரே மாதிரி. இப்போது முதல் வேலையாக அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். பென்சிலும் தாளும்தான் முன்னால், திரை பின்னால்.

சித்தி: ஆனால் அன்டூவைப் பற்றி ஒன்று. சில செயலிகள் வரைவதை முழுக்கப் பதிவு செய்து ஓட்டிக் காட்டும். ஒரு பையன் ஒரு கண்ணையே திரும்பத் திரும்ப அழித்து அழித்து வரைந்தான். கடைசியில் நின்றது உயிரே இல்லாத கண். பதிவை ஓட்டிக் காட்டினேன், ஆறாவது கண் வந்ததும் "இங்கேயே நிறுத்தியிருக்கலாம் மிஸ்" என்றான். தாளில் அழித்திருந்தால் அந்த ஆறாவது கண்ணை நானும் பார்த்திருக்க மாட்டேன், அவனும் பார்த்திருக்க மாட்டான்.

பெரியப்பா: ம்.

அண்ணன்: அப்பா "ம்" என்றால் பாதி ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

நான்: அப்படியானால் அருங்காட்சியகப் படங்களைப் போனில் காட்டுவது நல்லதா சித்தி? பாப்பாவுக்கு அதுவும் வீட்டுப்பாடம்.

சித்தி: நல்லதுதான், ஒரு பொறி இருக்கிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த 'இரவுக் காவல்' ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. 8,439 படங்கள் எடுத்து ஒட்டி, 71,700 கோடி பிக்சலில் 2022-இல் இணையத்தில் போட்டார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 200 பிக்சல். நேரில் போனால்கூட யாரும் அவ்வளவு கிட்டே மூக்கை வைக்க விடமாட்டார்கள். சாயத்தில் விழுந்த வெடிப்பு வரை தெரியும். ஆனால் அளவு தொலைந்துபோகும். அந்தப் படம் ஏறக்குறைய 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். மோனலிசா 77 சென்டிமீட்டருக்கு 53. போனில் இரண்டும் உள்ளங்கை அளவுதான்.

சித்தி: அதனால் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் அளவு நாடா பிடித்துத் தரையில் சுண்ணக்கட்டியால் அதே அளவுக்குக் கட்டம் போடச் சொல்வேன். பெரிய கட்டத்துக்குள் முழு வகுப்பும் உட்கார்ந்துவிடும். அப்புறம்தான் திரை.

தம்பி (8:20): நான் வயலின் சொல்லிக்கொடுக்கிற வகுப்பிலும் இப்படி ஒன்று உண்டு. வீடியோ அழைப்பில் பிள்ளைகள் நீளமாக வில் இழுத்தால் சத்தம் தேய்ந்து காணாமல் போகும். மூச்சுப் போதவில்லை, வில் அழுத்தம் போதவில்லை என்று ஒரு மாதம் திட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் இரைச்சலை நீக்கும் வசதி செய்த வேலை. மாறாமல் நீளமாக வரும் ஒலியை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்குகிறது. அமைப்பில் போய் அணைத்தேன், எல்லாருக்கும் வில் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பெரியம்மா: வயலினுக்கு எதற்கு மூச்சு?

தம்பி: பெரியம்மா, கண்ணாடி கிடைத்துவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 10:15): உதவி வேண்டும். களிமண் குருவி பறக்கிற மாதிரி 10 விநாடி ஸ்டாப் மோஷன் செய்ய வேண்டுமாம், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்து வீடியோவாக ஓட்டுவது. எத்தனை படம் எடுக்க வேண்டும்?

அண்ணன்: விநாடிக்கு 12 போதும். மொத்தம் 120.

நான்: 120-ஆ!

அண்ணன்: சினிமாவுக்கு 24. கணக்கைப் பார்த்து சந்தோஷப்படு. போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துக் கட்டு, கையில் பிடிக்காதே. ஜன்னலை மூடிவிட்டு ஒரே விளக்கில் எடு, மேகம் வந்து போனால் படம் மினுக்கும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடு. திரையில் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் பூட்டிக்கொள்ளும்.

பெரியப்பா: குருவி ஒரே வேகத்தில் நகரக் கூடாது. கிளம்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் அகலமாக, இறங்கும்போது மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக. தாளில் முதலில் புள்ளி வைத்துக் கொள்ளச் சொல். நான் ஒன்று போட்டு அனுப்புகிறேன்.

பெரியப்பா: [படம்: பென்சில் வளைவு, மேலே 120 புள்ளிகள், ஐந்தைந்தாக எண் போட்டது]

சித்தி: அத்தான்! இதை நான் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பெரியப்பா: தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். போனில் எடுத்தது கோணலாக இருக்கிறது.

நான் (மாலை 5:30): [வீடியோ 0:10]

தம்பி: அக்கா, 4-ஆவது விநாடியில் ஒரு கை வருகிறதே?

நான்: என் கைதான். இறக்கை விழுந்தது, பிடித்தேன். அந்த ஒரு ஃபிரேமை நீக்கிவிடலாம் என்றேன், விடமாட்டேன் என்கிறாள். "குருவிக்கு அம்மா வேண்டாமா" என்கிறாள்.

பெரியப்பா: இருக்கட்டும். நீக்காதே.