பழைய குக்கர், மிக்ஸியோடு வந்த சமையல் புத்தகங்களைப் பார்த்துச் சமைப்பது எப்படி?

காட்பாடிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கும் பாட்டி வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் மூன்று சின்ன சமையல் புத்தகங்கள் கிடைத்தன. கடையில் தனியாக வாங்கியவை இல்லை, சாமான் வாங்கும்போது அட்டைப் பெட்டிக்குள் கூடவே வருமே, அந்த மாதிரி. ஒன்று பிரஷர் குக்கருடையது, தமிழில். இன்னொன்று மிக்ஸியுடையது, பாதி ஆங்கிலம் பாதி தமிழ். மூன்றாவது சன்பீம் மிக்ஸ்மாஸ்டர் என்கிற அமெரிக்க மிக்ஸருடையது. சிஎம்சி மருத்துவமனையில் இருந்த ஒரு அமெரிக்கக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது மிக்ஸரையும் புத்தகத்தையும் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

குக்கர் புத்தகம்தான் நன்றாகப் புழங்கியிருக்கிறது. சாதம் போட்டிருக்கும் பக்கம் முழுக்க மஞ்சள் கறை, ஓரத்தில் பென்சிலில் "தண்ணி பத்தல, இன்னும் முக்கா ஆழாக்கு" என்று பாட்டியின் கையெழுத்து. பருப்புப் பக்கத்தில் "5 நிமிடம்" என்பதற்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு.

இவற்றில் இருப்பதை அப்படியே சமைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் குக்கர் புத்தகத்தில் எங்குமே எத்தனை விசில் என்று இல்லை, எல்லாமே நிமிடக் கணக்கு. அமெரிக்கப் புத்தகத்தில் அவுன்ஸ், "மாடரேட் அவன்", "நம்பர் 2 டின்", "ஒரு கேக் ஈஸ்ட்" என்று ஒன்றும் புரியவில்லை. சாமான்கள் மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன, அவற்றை ஓட்டலாமா என்பதும் தெரியவில்லை. இப்படிப் பழைய புத்தகம் வைத்துச் சமைத்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வாலாஜா_சமையலறை:
தம்பி, முதலில் அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருப்பதற்கே சந்தோஷம். குக்கர் புத்தகத்தைப் பற்றி நான் சொல்கிறேன், என்னிடமும் ஒன்று இருக்கிறது, இன்னும் அதைப் பார்த்துத்தான் பயறு வகையெல்லாம் வேகவைக்கிறேன்.

நிமிடக் கணக்கு ஏன் என்றால், குக்கர் வந்த காலத்தில் எல்லோர் வீட்டிலும் ஒரே அடுப்பு கிடையாது. ஹாக்கின்ஸ், பிரெஸ்டீஜ் இரண்டுமே இந்தியாவில் 1959-ல் ஆரம்பித்தவை. அப்போது ஒரு வீட்டில் கரி அடுப்பு, பக்கத்து வீட்டில் திரி ஸ்டவ், இன்னொரு வீட்டில் பம்ப் ஸ்டவ். தீயைப் பெரிதாக வைத்தால் விசில் சடசடவென்று வந்துவிடும், திரி ஸ்டவ்வில் ஒரு விசிலுக்கே காத்துக் கிடக்க வேண்டும். அதனால் விசிலை எண்ணி ஒரு புத்தகம் எழுதவே முடியாது. ஆனால் உள்ளே முழு பிரஷர் வந்துவிட்டால் எந்த அடுப்பாக இருந்தாலும் சூடு ஒன்றுதான். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி. அங்கிருந்து கடிகாரம் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே கணக்கு வரும்.

எப்படிச் செய்வது என்றால், மூடியைப் போட்டு, குழாய் வழியாக ஆவி நூல் பிடித்த மாதிரி நேராக வரும் வரை வெயிட் போடாதீர்கள். அப்புறம் வெயிட்டை வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிட்டு நேரம் பாருங்கள். சிம்மில் லேசாக உஸ் என்ற சத்தம் மட்டும் இருந்தால் போதும், அதற்கு மேல் விசில் அடித்தால் ஆவியும் கேஸும்தான் வீண். துவரம் பருப்புக்கு அந்த 5 நிமிடமே போதும், ஆனால் அடுப்பை அணைத்த பிறகு தானாக அடங்க விட வேண்டும், அந்த நேரத்திலும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும். காய்க்கு இது ஆகாது. காய் என்றால் நேரம் ஆனதும் குக்கரைக் குழாயடியில் காட்டி உடனே திறக்க வேண்டும் என்று அந்தக் காலப் புத்தகங்களில் போட்டிருக்கும், அதை விட்டுவிட்டால் பீன்ஸ் எல்லாம் கூழ்தான். பருப்பு, அரிசி மாதிரி பொங்குகிற சாமான் பாதி குக்கருக்கு மேல் போகக் கூடாது, மற்றதெல்லாம் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக.

உங்கள் பாட்டி எழுதிய "தண்ணி பத்தல" எனக்கு நன்றாகப் புரிகிறது. அச்சில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்று இருக்கும், அது பச்சரிசிக் கணக்கு. நம் பக்கம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் புழுங்கலரிசிதானே, அது ஒன்றுக்கு மூன்று வரைக்கும் இழுக்கும், பழைய அரிசி என்றால் இன்னும் கொஞ்சம். அதனால் அந்தப் பக்கத்தில் அச்சை விட்டுவிட்டுப் பென்சிலைப் பார்த்துச் சமையுங்கள்.

சேண்பாக்கம்_73:
எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து பருப்புக்கு நாலு விசில், கறிக்கு ஏழு விசில், ஒரு நாளும் தப்பியதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யார் நிற்பது?

வாலாஜா_சமையலறை:
ஒரே அடுப்பு, ஒரே குக்கர், ஒரே அளவு என்றால் விசில் கணக்கு தப்பாது, நீங்கள் சொல்வது சரிதான். குக்கரை மாற்றினாலோ, இண்டக்ஷன் வாங்கினாலோ, ரெண்டு பேர் சமையலைப் பத்துப் பேருக்குச் செய்தாலோ அந்தக் கணக்கு உதவாது. தம்பி கையில் இருப்பது வேறு ஒருவருடைய புத்தகம், வேறு அடுப்பு, அதனால் அவருக்கு நிமிடம்தான் நல்லது.

குடியாத்தம்_ரிப்பேர்:
நான் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். சமைப்பது இருக்கட்டும், முதலில் சாமானைப் பாருங்கள்.

அந்த அமெரிக்க மிக்ஸரைத் தயவுசெய்து நேராக நம் பிளக்கில் சொருகாதீர்கள். அது 110 முதல் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்மிடம் வருவது 230. சுருள் சூடாகி வேலை செய்கிற டோஸ்டர், வாஃபிள் கல் மாதிரி சாமானில் வோல்ட் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு ஆகும், கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். மிக்ஸர் மோட்டாரும் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும், மிக்ஸரின் வாட்டேஜை விட டிரான்ஸ்ஃபார்மர் பெரியதாக இருக்க வேண்டும். கரண்ட் அங்கே நொடிக்கு 60 சைக்கிள், இங்கே 50 என்று பயப்பட வேண்டாம், கார்பன் பிரஷ் வைத்த மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கால வயரில் துணி சுற்றி உள்ளே ரப்பர் இருக்கும், வளைத்தால் உதிரும். அதை மாற்றாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது.

குக்கரில் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் புதிது போடுங்கள். சேஃப்டி வால்வில் இருக்கும் உலோகம் குறிப்பிட்ட சூட்டில் உருகி வழிவிட வேண்டும், பழையதை நம்பக் கூடாது. வெயிட் அந்தக் குக்கருக்கு உரியதுதானா என்று பாருங்கள், வேறு கம்பெனி வெயிட் போட்டால் பிரஷர் மாறும், புத்தகத்தில் இருக்கும் நேரமெல்லாம் தப்பாகப் போகும், ஆபத்தும்கூட. அடி உப்பியிருந்தாலோ, அலுமினியத்தில் உள்பக்கம் குழி குழியாக அரித்திருந்தாலோ அந்தக் குக்கரை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், புத்தகத்தைப் புதுக் குக்கருக்குப் பயன்படுத்துங்கள். இரண்டிலும் பிரஷர் ஒன்று என்றால் நேரமும் அதேதான்.

நம்மூர் மிக்ஸி புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு மிக்ஸர் எல்லாம் வெண்ணெய் அடிக்கவும் மாவு கலக்கவும் செய்தவை, உளுந்தும் தேங்காயும் காய்ந்த மிளகாயும் போட்டால் மோட்டார் தாங்காது. 1960களில் சுமீத் வந்தபோதுதான் நம் அரைப்புக்கென்றே செய்த மிக்ஸி கிடைத்தது. அதனால் அந்தக் காலப் புத்தகத்தில் "இவ்வளவு போடு, இவ்வளவு நேரம் ஓட்டு, நிறுத்து" என்று இருப்பதைச் சும்மா எழுதியதாக நினைக்காதீர்கள். ஈர அரைப்பில் முதலில் தண்ணீர் இல்லாமல் உடைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடச் சொல்வார்கள், அது சட்னிக்கும் நல்லது, மோட்டாருக்கும் நல்லது. பழைய மிக்ஸி என்றால் கார்பன் பிரஷ், கப்ளர், ஜார் புஷ் மூன்றையும் யாரிடமாவது காட்டிவிடுங்கள். காட்பாடி, வேலூரில் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காட்பாடிவாசி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. குக்கர் வெயிட்டில் மூடியில் இருக்கும் அதே பெயர் இருக்கிறது. கேஸ்கட் கல் மாதிரி ஆகிவிட்டது, லாங் பஜாரில் கேட்டுப் பார்க்கிறேன். மிக்ஸர் வயர் நீங்கள் சொன்ன மாதிரியே துணி சுற்றியதுதான், தொடவில்லை. அந்தப் புத்தகத்தில் இருக்கும் கேக்கைக் கையால் அடித்துச் செய்ய முடியுமா?

ஆற்காடு_அடுமனை:
தாராளமாக முடியும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரை மாதிரி வரும் வரை அடிக்க வேண்டும், புத்தகம் மூன்று நிமிடம் என்றால் கையில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் உருகி எண்ணெயாகப் பிரிந்துவிடும், பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து அடியுங்கள்.

அளவுதான் முக்கியம். அமெரிக்க கப் 237 மில்லி. ஆழாக்கு 168 மில்லி. நம் வீட்டு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும், பாட்டியின் ஆழாக்கு கிடைத்தால் அதையும் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிடுங்கள், அப்போதுதான் அவர் பென்சிலில் எழுதியதற்குச் சரியான கணக்கு கிடைக்கும். ஒரு அவுன்ஸ் 28 கிராம், ஒரு பவுண்டு 454 கிராம். நம் நாட்டில் 1958-லிருந்துதான் படிப்படியாக மெட்ரிக் வந்தது, அதனால் அதை ஒட்டிய வருடங்களில் வந்த நம் புத்தகங்களில்கூடப் பலமும் கிராமும் கலந்து வரும், ஒரு பலம் 35 கிராம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, மாவை எப்போது சலிப்பது என்பது. பழைய அமெரிக்கப் புத்தகத்தில் "சலித்த மாவு ஒரு கப்" என்று இருந்தால், முதலில் சலித்து, அப்புறம் கப்பில் அமுக்காமல் நிரப்பி மேலே வழிக்க வேண்டும். அப்படி அளந்தால் 115 கிராம் அளவுக்கு வரும். டப்பாவில் கப்பை விட்டு அள்ளினால் 140 வரை போய்விடும். இரண்டு மூன்று கப் என்றால் எவ்வளவு மாவு கூடிவிடும் பாருங்கள், கேக் வறண்டு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முட்டையும் நம் கடை முட்டை சற்றுச் சின்னது, மூன்று முட்டை சொன்னால் சின்னதாக இருக்கும்போது நாலு போடலாம்.

"மாடரேட் அவன்" என்றால் 350 முதல் 375 பாரன்ஹீட், நம் கணக்கில் 180 டிகிரி பக்கம். "ஸ்லோ" 150, "ஹாட்" 200-க்கு மேல். வீட்டில் அந்த அலுமினிய ரவுண்ட் அவன்தான் இருக்கிறது என்றால் அதில் சூடு காட்டும் முள் கிடையாது. ஒரு தட்டில் மைதாவைத் தூவி உள்ளே வையுங்கள், ஐந்து நிமிடத்தில் பொன்னிறம் ஆனால் மாடரேட், லேசாக மட்டும் நிறம் மாறினால் ஸ்லோ, நன்றாகக் கருஞ்சிவப்பானால் ஹாட். அவனே இல்லாவிட்டால் கனமான அலுமினியப் பாத்திரத்தில் மணல் பரப்பி மூடிச் செய்யலாம், குக்கரில் செய்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும், மறக்கவே கூடாது.

"நம்பர் 2 டின்" சுமார் 20 அவுன்ஸ், இரண்டரை கப் வரும். "ஒரு கேக் ஈஸ்ட்" என்றால் ஈரமான கட்டி ஈஸ்ட், அதற்குப் பதில் இப்போது கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் 7 கிராம், அதாவது இரண்டேகால் டீஸ்பூன். "ஷார்ட்டனிங்" என்பது வனஸ்பதி, நான் அதற்குப் பதில் வெண்ணெய்தான் போடுவேன், சுவை அதில்தான் இருக்கிறது. ஜெலட்டின் போட்ட இனிப்புகளை மே மாதத்தில் செய்யாதீர்கள், 40 டிகிரி வெயிலில் ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்ததும் ஓடிவிடும். அதற்குத்தான் நம் பக்கம் ரம்ஜான் நோன்புக் காலத்தில் செய்கிற கடல்பாசி (அகர் அகர்) இருக்கிறதே, அது நன்றாகக் கொதித்தால்தான் கரையும், ஒரு தடவை இறுகிவிட்டால் நம் வெயிலுக்கு அசையாது. ஜெலட்டினை விடக் குறைவாகப் போட்டால் போதும்.

அந்தப் புத்தகங்களில் காய், கறி, பீன்ஸ் எல்லாம் பாட்டிலில் அடைத்து வைக்கிற பக்கம் இருந்தால் அதை மட்டும் செய்யாதீர்கள். பழைய நேரக் கணக்கு இப்போது பாதுகாப்பானது இல்லை, புளிப்பு இல்லாத சாமானில் போட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு வரும், வாசனையில்கூடத் தெரியாது.

காட்பாடிவாசி:
அண்ணா, இதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் புத்தகத்தோடு வைத்துவிட்டேன். நேற்றைக்குப் புதுக் குக்கரில் துவரம் பருப்பு வைத்தேன், முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் 5 நிமிடம், தானாக அடங்க விட்டேன். பருப்பு மலர்ந்து, உருவம் கெடாமல், கரண்டியால் அழுத்தினால் மசிகிறது. அடியில் தண்ணீர் நிறைய மிச்சம் இருந்தது, ஒரு சொட்டுகூட வெளியே பொங்கவில்லை. அம்மா இனிமேல் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு சந்தேகம். கத்திரிக்காய்க்கு 2 நிமிடம் என்று அச்சில் இருக்கிறது, பாட்டி அதைப் பென்சிலில் அடித்துவிட்டு வேறு எதுவும் எழுதவில்லை. நம் முள்ளு கத்திரிக்காய்க்கு எவ்வளவு?

வாலாஜா_சமையலறை:
இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயைக் குக்கரில் போடவே வேண்டாம் தம்பி, அதனால்தான் பாட்டி அடித்திருப்பார். அதன் சதை மெத்தென்று இருக்கும், கடாயில் எண்ணெய் விட்டுக் காம்போடு நாலாகக் கீறி மூடி வைத்தாலே வெந்துவிடும். கொத்சுக்கு மசிய வேண்டும் என்றால் குக்கரில் வைக்கலாம், வெயிட் போட்டு முதல் விசில் வருவதற்கு முன்பே அணைத்து, குழாயடியில் காட்டி ஆவி அடங்கியதும் உடனே திறந்துவிடுங்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள என்றால் கடாய்தான்.