மாதக் கடைசியில் திணறும் தரவுத்தளம்: எந்த வழங்கி (சர்வர்), எந்த இயங்குதளம்?

கேட்டவர்:
வணக்கம். மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். பில் போடுவது முதல் இருப்புக் கணக்கு வரை எல்லாம் 90 ஜிபி அளவுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நடக்கின்றன. வழங்கி பழையது: 16 ஜிபி நினைவகம், மென்பொருள் ரெய்டு 1 முறையில் (ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும்) இரண்டு 7200 ஆர்பிஎம் சுழல் வட்டுகள், சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவினர் அறிக்கை எடுக்கத் தொடங்கியதும், பில் திரைகள் அரை நிமிடம் வரை அப்படியே நின்றுவிடுகின்றன. விற்பனையாளர் ஒருவர் இரண்டு செயலிகளில் 32 கோர்கள், ரெய்டு 5 முறையில் (தரவும் அதை மீட்க உதவும் கூடுதல் தகவலும் வட்டுகளில் பகிர்ந்து எழுதப்படும்) நான்கு சுழல் வட்டுகள், விண்டோஸ் சர்வர் என விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்கு வேண்டாம். திணறும் நேரத்தில் விஎம்ஸ்டாட் கட்டளையை ஓட்டி, செயலி வேலை செய்கிறதா அல்லது வட்டுக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, போஸ்ட்கிரெஸுடன் வரும், எழுதியதை வட்டில் பதிக்கும் வேகத்தை அளக்கும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை, ஆள் இல்லாத நேரத்தில், தரவு இருக்கும் அதே வட்டில் ஓட்டி, வரும் எண்ணைச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
காத்திருப்பு 60 விழுக்காட்டுக்கு மேல். செயலி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. எஃப்சிங்க் வினாடிக்கு 3,900. எழுதும் வேகம் நன்றாகத்தானே இருக்கிறது, ஐயா?

மறுமொழி 1:
அந்த எண் மகிழ்ச்சி தருவதன்று. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு, வினாடிக்கு 120 முறைதான் சுழலும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதும் அந்தக் கருவி, ஒவ்வொரு முறையும் தட்டு ஒரு சுற்று வரக் காத்திருக்க வேண்டும் என்பதால், உண்மையாக எழுதினால் 120-ஐத் தாண்டவே முடியாது. எழுதாமலேயே 'எழுதியாயிற்று' என்று யாரோ சொல்கிறார்கள்: ஒன்று, கோப்பு முறைமை, வட்டில் பதிந்ததை உறுதிசெய்யச் சொல்லாத நோபேரியர் விருப்பத்துடன் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது 'உடனே தட்டில் எழுது' என்னும் ஃப்ளஷ் கட்டளையை வட்டே மதிக்காமல் இருக்க வேண்டும். யூபிஎஸ் இருந்தாலும், வழங்கியின் மின்வழங்கி ஒரு நாள் புகைந்தால் தரவுத்தளமே சிதையலாம்.

உங்கள் தாமதம் வாசிப்பில்தான் இருக்கிறது. அறிக்கைகள் பழைய தரவுப் பக்கங்களையெல்லாம் இழுத்து வரும்போது, பில்லுக்கு வேண்டிய பக்கங்கள் 16 ஜிபி நினைவகத்திலிருந்து தள்ளப்பட்டுவிடுகின்றன. எனவே 32 கோர்களுக்குக் கொடுக்கும் பணத்தை 128 ஜிபி இசிசி (பிழை திருத்தும்) நினைவகத்துக்குக் கொடுங்கள். தரவுத்தளம் முழுவதும் அதில் அடங்கும். கடிகார வேகம் மிகுந்த ஒரே செயலி போதும். ரெய்டு 5 வேண்டவே வேண்டாம்: சிறிதளவு எழுதும் ஒவ்வொரு முறையும் இரண்டு வாசித்தலும் இரண்டு எழுதுதலுமாக நான்கு வேலை. மின்தடையைத் தாங்கும் மின்தேக்கி உள்ள, நிறுவனத் தர என்விஎம்இ (சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி) இரண்டை ரெய்டு 1 முறையில் பொருத்துங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் எஸ்எஸ்டிகளில் அந்த மின்தேக்கி பெரும்பாலும் இருப்பதில்லை.

மறுமொழி 2:
இயங்குதளத்தைப் பொறுத்தவரை, இரவில் எழுந்து சரிசெய்யப் போகிறவருக்கு எது பழக்கமோ அதுவே நல்லது. நீங்கள் லினக்ஸில் பழகியவர், மாற வேண்டாம். ஆனால் சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. டெபியன் 12 லினக்ஸ் போதும். கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டில் எதுவானாலும் சரி. போஸ்ட்கிரெஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் நினைவகமான ஷேர்டு பஃபர்ஸ் அளவை 32 ஜிபியில் தொடங்குங்கள். சிதறிக் கிடக்கும் பக்கங்களை வாசிக்கும் செலவை போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லும் ரேண்டம் பேஜ் காஸ்ட் மதிப்பை 4-லிருந்து 1.1-ஆகக் குறையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: தரவுக் கோப்புறையை அப்படியே நகலெடுக்காதீர்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளின் வரிசைமுறை மாறியதால், அதற்கு முந்தைய பதிப்பில் கட்டிய உரைச் சுட்டிகள் (இன்டெக்ஸ்) புதிய இயங்குதளத்தில் தவறான விடை தரக்கூடும். பிஜி_டம்ப் கருவியால் தரவை வெளியே எடுத்து, புதிய வழங்கியில் மீட்டால் சுட்டிகள் புதிதாகக் கட்டப்படும்.

கேட்டவர்:
நன்றி. வட்டுகளை எப்படி ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பார்த்தேன்; எனக்கு முன்பிருந்தவர் எழுதிய நோபேரியர் அங்கே இருந்தது. அதை நீக்கி மீண்டும் ஏற்றியதும் எண் 114-க்கு இறங்கிவிட்டது. பில் போடுபவர்கள் யாரும் வேறுபாடு எதையும் சொல்லவில்லை. புதிய விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன்.