கொரியர்களிடம் 'சாரி' சொல்வது: மியானா, ச்வேசோங்கா?

ஒரகடம்வாசி (கேள்வி):
ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் புதுசா சேருபவர்களுக்காக நாலு பக்கக் குறிப்பு ஒண்ணு தயாராகுது. மன்னிப்பு கேட்கிற பகுதியில மூணு சந்தேகம். 'மியான்ஹம்னிதா', 'ச்வேசோங்ஹம்னிதா' ரெண்டுக்குமே புத்தகத்துல 'சாரி'ன்னுதான் அர்த்தம் போட்டிருக்கு; எதை யார்கிட்ட சொல்றது? சரக்கு தாமதமானதுக்குக் காரணம் விளக்கினா கொரிய மேலாளர்கள் முகம் ஏன் இறுகுது? வீட்டில துக்கம்னு தெரிஞ்சா 'ஐ ஆம் சாரி'ங்கிறதை அப்படியே கொரியன்ல சொல்லலாமா?

சொல்வேர்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். ரெண்டும் சீன எழுத்து வேர்களால் ஆன சொற்கள். 'மியான்' என்றால் மனசு நிம்மதியாக இல்லை என்பதுதான் மூலப் பொருள். 'ச்வே' என்றால் குற்றம், 'சோங்' என்றால் அச்சம். முன்னது சமமானவர் சொல்லும் சங்கடம். பின்னது கீழே நின்று குற்றத்தை ஒத்துக்கொள்வது.

பாடப்புத்தகம் கோட்டை விடும் இடம் இதுதான்: 'ஹம்னிதா' மரியாதை விகுதிதானே, மியான்ஹம்னிதா என்றால் போதாதா என்று நினைப்பார்கள். போதாது. விகுதியில் மரியாதை இருக்கிறது, வேரில் இல்லை. மேலாளர் காதில் அது 'நீ வாங்க சார்' என்பது மாதிரி விழும். மேலதிகாரி, வாடிக்கையாளர், வயதில் மூத்தவர், முன்பின் தெரியாதவர் எல்லாருக்கும் ச்வேசோங்ஹம்னிதா. கூட வேலை பார்ப்பவருக்கு மியான்ஹேயோ. நெருங்கிய நண்பனுக்கு மியான்ஹே, அல்லது வெறும் மியான். மேலாளர் உங்களிடம் மியான் சொன்னால் அதில் அவமரியாதை எதுவும் இல்லை. மேலிருந்து கீழே அப்படித்தான் வரும்.

உச்சரிப்பு: ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஜோசோங்' என்று படிக்காதீர்கள், 'ச்வே'தான். கொரிய எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'ஹப்னிதா' என்று வரும்; பேசும்போது அந்த 'ப்' அடுத்து வரும் 'ன' ஒலியால் 'ம்' ஆகிவிடும்.

டிஸ்பேட்ச்:
ரெண்டாவது கேள்வி. காரணத்தில் தப்பில்லை, அது வந்து நிற்கிற இடம்தான் தப்பு. நம்ம ஆட்கள் மெயில் இப்படி ஆரம்பிக்கும்: 'நேத்து மழை, லாரி வாலாஜாபாத் கிட்ட நின்னுடுச்சு, டிரைவர் போன் எடுக்கலை, அதனால...' மன்னிப்பு ஆறாவது வரியில. கொரியர் முதல் வரியிலேயே 'ப்யோன்ம்யோங்' என்று முடிவு கட்டிடுவார். சாக்குப்போக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எழுதினது எல்லாம் வீண்.

வரிசையை மாத்துங்க. முதல் வரி ச்வேசோங்ஹம்னிதா, வேற எதுவும் வேண்டாம். அடுத்து நடந்தது, எண்ணிக்கையோட: '500-ல் 300 வந்தது, 200 பாக்கி.' அடுத்து எப்ப சரியாகும்: 'இன்று மாலை 4 மணிக்கு வரும்.' கடைசியா, மறுபடி நடக்காம இருக்க என்ன செய்யப் போறீங்க. இதுக்குன்னே 'சேபல் பாங்ஜி' என்று ஒரு சொல் புழக்கத்தில இருக்கு. இந்த வரி இல்லாத மன்னிப்பை அவங்க பாதி மன்னிப்பாத்தான் எடுத்துப்பாங்க. மழைக் கதையை அவர் கேட்டா ரெண்டு வரியில சொன்னா போதும்.

அலங்காரச் சொல்லும் வேண்டாம். 2022 ஆகஸ்ட்டில் சோல் நகரத்து கஃபே ஒண்ணு முன்பதிவுக் கோளாறுக்காக 'சிம்சிம்ஹான் சாக்வா'ன்னு அறிவிப்பு போட்டது. ஆழ்ந்த மன்னிப்பு என்பது பொருள். 'சிம்சிம்ஹான்' என்பதுக்கு 'போரடிக்கிற' என்றும் ஒரு அர்த்தம் உண்டு. இளசுகள் பலர் அப்படிப் படிச்சு, 'மன்னிப்புல என்னடா சலிப்பு'ன்னு கொதிச்சாங்க. கொரியர்களுக்கே அந்தக் கதின்னா நாம எதுக்கு?

மடல்காரர்:
மேலே சொன்னதோடு ஒன்று. நிறுவனம் உங்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்டால் அது 'க்யோங்விசோ'வா, 'சிமால்சோ'வா என்று பாருங்கள். முன்னது நடந்ததை மட்டும் தேதி, நேரத்தோடு எழுதும் விளக்கம். பின்னதில் வழக்கமாக 'வருந்துகிறேன், இனி நடக்காது' என்பதும் சேரும். தென்கொரியாவில் இப்படி வருத்தத்தை வற்புறுத்தி எழுதி வாங்குவது மனசாட்சிச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. நீதிமன்றமே ஒருவரை மன்னிப்பு விளம்பரம் போடச் சொல்வதும் செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. மன்னிப்புக்கு அவ்வளவு எடை இருப்பதால்தான் இந்த வழக்குகளே வந்தன என்பது என் கருத்து. இந்தத் தீர்ப்புகள் ஒரகடத்தில் செல்லாது, அது வேறு விஷயம்.

ஒரகடம்வாசி:
நன்றி. 'வி ரிக்ரெட்' என்பதுக்கு அகராதி 'யூகாம்' என்று காட்டுதே, மெயில்ல போடலாமா?

சொல்வேர்:
போடவே வேண்டாம். யூகாம் செய்தவன் சொல்லும் சொல் இல்லை, அரசுகள் அளந்து பேசும் சொல். 2015 ஆகஸ்ட் 4-ல் எல்லையில் கண்ணிவெடி வெடித்து தெற்கின் வீரர்கள் இருவர் காயப்பட்டார்கள். 25-ஆம் தேதி உடன்பாட்டில் வடகொரியா 'யூகாம்' தெரிவித்தது: வெடித்ததில் வீரர்கள் காயமுற்றதற்கு. யார் புதைத்தார்கள் என்பது அந்த வாக்கியத்தில் கிடையாது. இது மன்னிப்பா இல்லையா என்று தெற்கில் விவாதமே நடந்தது. 2020 செப்டம்பரில் வடகொரியா தெற்குக்கு அனுப்பிய செய்தியில் கிம் ஜோங் உன் 'மியான்' என்று சொன்னதாக வந்தபோது அதனால்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். 200 பாகம் தாமதம் என்று யூகாம் போட்டால், 'நடந்தது வருத்தம், எனக்குச் சம்பந்தமில்லை' என்றுதான் படிப்பார்கள்.

கிம்ச்சி65:
துக்கத்துக்கு வரேன். மியானும் வேண்டாம், ச்வேசோங்கும் வேண்டாம். 'உங்க அப்பா இறந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க'ன்னு தமிழ்ல யாராவது சொல்வோமா? அவங்களுக்கும் அப்படித்தான், நீங்க என்ன பண்ணீங்கன்னு குழம்புவாங்க. 'சம்கா கோயினே ம்யோங்போகுல் பிம்னிதா' என்பது வழக்கம். காலமானவர் மறுமையில் நலமாக இருக்க வேண்டுகிறேன்னு பொருள். துக்க வீட்டுக்கே போனா படத்துக்கு முன்னால ரெண்டு தடவை தரையில விழுந்து வணங்கி, பிறகு குடும்பத்தாருக்கு ஒரு தடவை. வாய் திறக்காட்டியும் குறையில்லை.

குறிப்பில இன்னொண்ணு சேருங்க. சோல் மெட்ரோவில தோள் இடிச்சா பல பேர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வழி வேணும்னா 'சாம்சிமான்யோ', கொஞ்சம் பொறுங்கன்னு. மன்னிப்பு இல்லை. 'சுமிமாசென்' (மன்னிக்கவும்) சொல்லிப் பழகின ஜப்பானியருக்கும், எதுக்கெடுத்தாலும் 'சாரி' சொல்ற இங்கிலீஷ்காரருக்கும் இது முரட்டுத்தனமா தெரியும். கொரியருக்கோ அந்தச் சாரிகள் ரொம்ப இலேசா தெரியும்.

ஒரகடம்வாசி:
மேலாளரே மன்னிப்பு கேட்டா என்ன பதில்?

டிஸ்பேட்ச்:
'அனிம்னிதா', இல்லைங்கன்னு. தலையை லேசா குனிங்க. 'கேன்சனாயோ' என்றால் 'பரவாயில்லை, விடு' மாதிரி, நீங்க அவரை மன்னிச்சுட்ட தொனி வந்துடும்.