தீம்ஃபாரஸ்ட்டில் தீம் விற்றால் காசு வருமா?

கேள்வி: உணவகங்களுக்காக ஒரு வேர்ட்பிரஸ் தீம் (வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் இணையதளத்துக்கான ரெடிமேட் வடிவமைப்பு) செய்து வைத்திருக்கிறேன், டெமோவும் ரெடி. தீம்கள் விற்கும் இணையச் சந்தையான தீம்ஃபாரஸ்ட்டில் போட்டால் வேலையை விடுகிற அளவுக்கு வருமா?

பதில் 1: போடுங்க, வேலையை மட்டும் விடாதீங்க. கோட் சுத்தமாக இருந்தாலும் எழுத்தளவு, இடைவெளி பிடிக்கவில்லை என்றால் விற்பனைக்கு ஏற்கும் முன் தளத்தினர் செய்யும் ரிவ்யூவில் திருப்பிவிடுவார்கள்.

பதில் 2: விற்ற பிறகுதான் உண்மையான வேலையே. விலையிலேயே 6 மாத சப்போர்ட் அடங்கும், "மெனு மொபைலில் திறக்கவில்லை" என்று ஒருவர் எழுதுவார், நாம் உட்கார்ந்து தேடினால் அவர் போட்டிருக்கும் ஏதோ கேஷ் (cache) பிளகின்தான், அதாவது தளத்தை வேகமாக்கச் சேர்க்கும் துணை மென்பொருள்தான், காரணமாக இருக்கும். அப்டேட் வேறு இலவசம்.

கேட்டவர்: டெமோவில் கூகுளில் எடுத்த பிரியாணிப் படம் இருக்கே?

பதில் 2: ஐயோ, முதலில் அதைத் தூக்குங்க! உரிமம் உள்ள படம்தான் செல்லும். அப்புறம், தளம் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிடுங்க.